அலுமினிய வெல்டிங்கில் விரிசல் ஏன் விழுகிறது: பீனியாவுக்குப் புதிதாக வரும் வெல்டர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர்ப் பக்கத்து ஐ.டி.ஐ.களில் வெல்டர் பிரிவை முடித்துவிட்டுப் பெங்களூருவின் பீனியா தொழிற்பேட்டைக்கு வேலை தேடி வரும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் எஃகில் கை பழகியவர்கள். அவர்களை ஆர்கான் டார்ச்சைக் கொடுத்து அலுமினியத்தின் முன் உட்கார வைத்தால், இரண்டு மூன்று வாரங்களில் பீட் (உருகி உறைந்த வெல்டு வரி) பார்வைக்கு ஒழுங்காகவே விழத் தொடங்கிவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான் தெரியும். ஜாப் ஆறும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும்; குனிந்து பார்த்தால் பீட்டின் நடுவே தலைமுடி அளவுக்கு ஒரு கோடு ஓடியிருக்கும். அந்த இடத்தைத் தேய்த்துவிட்டு அதே ராடால் (இணைப்பில் உருக்கிச் சேர்க்கும் நிரப்புக் கம்பி) அதன்மேலேயே மறுபடி ஓட்டுவார்கள். அது மறுபடியும் பிளக்கும்.

கையில் திறமை குறைவு என்பதால் இது நடக்கிறது என்று பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். பல வருடங்களாக இந்தப் பேட்டையில் அலுமினிய இணைப்புகளைப் பார்த்தும் சோதித்தும் வந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பெரும்பாலான விரிசல்களின் காரணம் ஆர்க் பற்றுவதற்கு முன்பே அந்த மேசையில் இருக்கிறது. எந்த உலோகம், எந்த ராட், எப்படிப்பட்ட இணைப்பு, எவ்வளவு இறுக்கம் என்ற நான்கும் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன. கையின் பங்கு அதற்குப் பிறகுதான் வருகிறது. ஆகவே கீழ்க்காணும் படிகளை அதே வரிசையில் பின்பற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.

உள்ளே நடப்பது என்ன

தூய அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகி, அதே வெப்பநிலையில் உறையும். நாம் வேலை செய்யும் கலப்பு உலோகங்கள் அப்படி ஒரே புள்ளியில் உறைவதில்லை. எடுத்துக்காட்டாக, 6061 என்ற எண் கொண்ட கலப்பு உலோகம் சுமார் 652 டிகிரியில் உறையத் தொடங்கி 582 டிகிரியில்தான் முழுவதும் உறைந்து முடிகிறது. இடைப்பட்ட 70 டிகிரியில், உறைந்துவிட்ட மணிகளும் (உலோகத்தின் நுண்படிகங்கள்) அவற்றுக்கு நடுவே இன்னும் உறையாத மெல்லிய திரவப் படலமும் சேர்ந்த குழைவான நிலையில் அந்த உலோகம் நிற்கிறது. அலுமினியம் உறையும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ 6 சதவீதம் சுருங்குகிறது. உறைந்த பிறகு ஆறும்போதும் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்குகிறது. இரு பக்கமும் கிளாம்ப்பில் பிடித்து வைத்திருக்கும் தகடுகள் நகர்ந்து கொடுக்காதபோது, அந்தச் சுருக்கம் முழுவதும் இழுப்பது பலமே இல்லாத அந்தத் திரவப் படலத்தைத்தான். கோடையில் ஏரி வற்றும்போது சேறு பாளம் பாளமாக வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள்; சுருங்க வேண்டிய பொருள் சுருங்க இடமில்லாமல் பிளக்கிறது என்ற அளவில் இதுவும் அதுவே. இடைவெளிகளை ஓடி நிரப்பப் போதுமான திரவம் மிச்சமிருந்தால் பிளவு தானே மூடிக்கொள்ளும். இல்லாவிட்டால் விரிசலாக நிலைத்துவிடும்.

எஃகில் பழகியவர்கள் ஒன்றை மறக்க வேண்டும். எஃகில் ஹைட்ரஜன் புகுந்தால், வேலை முடிந்து பல மணி நேரம் கழித்துக் குளிர் விரிசல் வரலாம் என்று படித்திருப்பீர்கள். அலுமினியத்தில் ஹைட்ரஜன் நுண்துளைகளை உண்டாக்கும். அந்த வகை விரிசலை உண்டாக்காது. இங்கே வெல்டிங்கின்போது விழும் விரிசல் ஏறக்குறைய எப்போதும் மேலே சொன்ன, உறையும்போது விழும் சூட்டு விரிசல்தான். ஈரத்தையும் எண்ணெயையும் துடைப்பது மிகவும் தேவை. ஆனால் துடைத்ததால் மட்டும் விரிசல் நிற்காது.

முதல் படி: விரிசல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

கிரைண்டரை எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் நின்று விரிசலின் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பீட்டின் நடுக்கோட்டில் நீளவாக்கில் ஓடினால், ராடின் தேர்வையோ, பீட்டின் வடிவத்தையோ, தகடுகளின் இறுக்கத்தையோ சந்தேகியுங்கள். பீட் முடிந்த இடத்தில் சிறிய குழிக்குள் நட்சத்திரம் போல மூன்று நான்கு கிளைகளாக இருந்தால், ஆர்க்கைத் திடீரென்று நிறுத்தியதே காரணம். பீட்டின் ஓரத்தில், தாய்த் தகட்டுக்குள் இருந்தால், தகட்டின் மணி எல்லைகள் சூட்டில் உருகி, அவை உறைவதற்குள் வெல்டு உலோகம் சுருங்கி இழுத்துப் பிரித்திருக்கிறது என்று பொருள். அதிக சூடும், தகட்டைவிட முந்தி உறையும் ராடும் இதைத் தூண்டும். டாக் (தகடுகள் நகராமலிருக்க முதலில் போடும் சிறு வெல்டு) போட்ட இடத்திலேயே பிளந்திருந்தால், டாக் மிகச் சிறியது, அல்லது ராட் இல்லாமல் வெறும் தகட்டை உருக்கிப் போட்டது.

இரண்டாம் படி: தகடு எந்த உலோகம் என்று உறுதிசெய்யுங்கள்

பீனியாவில் இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்கள் அதிகம். எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வியாபாரிகள் இன்றும் பழைய பெயர்களைப் பயன்படுத்துகிறார்கள். எச்.இ.9 என்றால் 6063, எச்.இ.20 என்றால் 6061, எச்.இ.30 என்றால் 6082. இவை மூன்றும் மெக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்த 6000 வரிசையைச் சேர்ந்தவை. சரியான ராடுடன் நன்றாகவே வெல்டு ஆகும். எச்.இ.15 என்பது 2014, செம்பு கலந்தது, ஆர்க் வெல்டிங்கில் எளிதில் பிளப்பது. 2024, 7075 ஆகியவற்றையும் ஆர்க் வெல்டிங்குக்கு ஏற்காதவை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 7075இல் அன்றைக்கு விரிசல் விழாவிட்டாலும், பயன்பாட்டில் அழுத்தமும் ஈரமும் சேர்ந்து பின்னாளில் பிளக்க வைத்துவிடும். லேத்தில் எளிதாகச் சீவப்படுவதற்காக ஈயமும் பிஸ்மத்தும் சேர்த்த 2011, 6262 கம்பிகளும் வெல்டிங்குக்கு ஆகாதவை. மாறாக 1100, 3003 போன்ற எளிய தகடுகள் அதிகம் தொல்லை தருவதில்லை.

பெங்களூருவில் விமானப் பாகங்களைக் கடையும் சி.என்.சி. பட்டறைகள் நிறைய உண்டு. அங்கிருந்து வரும் வெட்டுத் துண்டுகள் எடைக்கு விற்கப்பட்டு, ஒரு நாள் நம் மேசைக்கும் வந்து சேரும். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு இயந்திரத்தின் அடித்தாங்கிக்கு மூலையில் கிடந்த 12 மி.மீ. துண்டு ஒன்றைக் கொடுத்து வெல்டு செய்யச் சொன்னார்கள். மூன்று முறை ஓட்டினேன். மூன்று முறையும் ஆறும்போதே பிளந்தது. ஆம்பியரைக் கூட்டியும் குறைத்தும் பார்த்து ஓய்ந்து போனபோது, பக்கத்து மேசையில் இருந்த வேலூர்க்காரர் ஒருவர், “தம்பி, கையைக் குறை சொல்லாதே, துண்டைக் கேள்” என்று சொல்லி, கையுறை மாட்டிக்கொண்டு, காஸ்டிக் சோடாக் கரைசலில் ஒரு சொட்டை அதன் மேல் விட்டார். நுரைத்து அடங்கிய இடம் சற்று நேரத்தில் அடுப்புக்கரி போல் கறுத்தது. அதே சொட்டை எங்கள் வழக்கமான 6061 தகட்டின் மேல் விட்டபோது, அது வெளிறிய சாம்பல் நிறத்திலேயே நின்றது. “அண்ணே, மூணு நாள் வீணாப் போச்சே” என்றேன். “இனி மூணு நிமிஷத்துல தெரிஞ்சுக்குவ” என்றார்.

அந்தச் சோதனை உலோகத்தின் பெயரைச் சொல்லாது. சிலிக்கான் மிகுந்த வார்ப்புகளும் கறுக்கும். அதை ஓர் எச்சரிக்கையாக மட்டுமே கொள்ளுங்கள்: கறுத்தால் நிறுத்திக் கேளுங்கள். கரைசல் தோலையும் கண்ணையும் அரித்துவிடும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொட வேண்டாம். உறுதியான வழி தகட்டுடன் வரும் சோதனைச் சான்றிதழைப் பார்ப்பது. அது இல்லாத துண்டு என்றால், செம்பையும் துத்தநாகத்தையும் நொடியில் காட்டிவிடும் எக்ஸ்ரே துப்பாக்கி வைத்திருக்கும் சோதனைக்கூடத்தில் கொடுப்பது. சுமை தாங்கும் பாகத்துக்கு அடையாளம் தெரியாத துண்டைப் பயன்படுத்தச் சொன்னால், மேற்பார்வையாளரிடம் பணிவாக ஆனால் தெளிவாகக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

மூன்றாம் படி: ராடைத் தேர்ந்தெடுங்கள், கணக்கையும் போடுங்கள்

பட்டறைகளில் பெரும்பாலும் இரண்டு ராடுகள்தான் புழங்குகின்றன. 4043இல் சுமார் 5 சதவீதம் சிலிக்கான்; 5356இல் சுமார் 5 சதவீதம் மெக்னீசியம். இவை ஏன் விரிசலைத் தடுக்கின்றன என்பதைப் புரிந்துகொண்டால், வேலையில் பாதி முடிந்தது போலத்தான். அலுமினியத்தில் சிலிக்கானே இல்லாவிட்டால் விரிசல் அதிகம் விழாது, 0.5 முதல் 0.8 சதவீதம் வரை இருக்கும்போது மிக அதிகமாக விழும். 2 சதவீதத்தைத் தாண்டினால் மறுபடியும் வெகுவாகக் குறையும். மெக்னீசியத்துக்கு அந்த ஆபத்தான உச்சம் 1 முதல் 1.5 சதவீதம் வரை. 3 சதவீதத்தை எட்டினால் நிம்மதி. நம் 6061 தகட்டில் சிலிக்கான் 0.4 முதல் 0.8 சதவீதம், மெக்னீசியம் 0.8 முதல் 1.2 சதவீதம். அதாவது தகடு நிற்பது சரியாக மலை உச்சியில். ராட் இல்லாமல் அதை உருக்கி ஒட்டினால் பிளக்காமல் என்ன செய்யும்? ராடை ஊற்றுவது பள்ளத்தை நிரப்புவதற்கு மட்டும் அன்று. உருகிய குளத்தின் கலவையை அந்த உச்சியிலிருந்து மறுபக்கம் இறக்குவதற்காகவும்தான்.

இனி கணக்கு. குளத்தில் பாதி ராட், பாதி தகடு என்று வைத்துக்கொள்வோம். 4043 போட்டால் ராடிலிருந்து 2.5, தகட்டிலிருந்து 0.3, ஆக 2.8 சதவீதம் சிலிக்கான். நல்ல இடம். அதே ராடை, சரிவு வெட்டாமல் விளிம்போடு விளிம்பை ஒட்டி வைத்த இணைப்பில் போட்டால், குளத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் ராட் சேரும்; சிலிக்கான் 1.5 சதவீதத்துக்கும் கீழே நிற்கும். 5356இல் இன்னும் மோசம்: பாதிக்குப் பாதி கலந்தால் மெக்னீசியம் 3 சதவீதம் கிடைக்கும் இடத்தில், ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் 1.8 சதவீதமே கிடைக்கும். அது உச்சத்துக்கு மிக அருகில். “ராட் சரியானதுதான், ஆனாலும் பிளக்கிறது” என்று என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோருக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ராட் சரி, அளவு போதவில்லை.

இரண்டில் எது என்ற கேள்விக்கு என் பரிந்துரை இது. 6000 வரிசைத் தகட்டில் விரிசல் மட்டுமே கவலை என்றால் 4043. அது தாழ்ந்த சூட்டில் உறைவதால் ஓர விரிசலையும் தடுக்கும். கூடுதல் பலமும் நெகிழ்வும் வேண்டும் என்றாலோ, பாகம் பிறகு அனோடைசிங்குக்கு (மின்வேதி முறையில் மேற்பரப்பில் ஆக்சைடு படலத்தைத் தடிக்கச் செய்வது) போகிறது என்றாலோ 5356. ஏனெனில் அனோடைசிங்கில் 4043 பீட் கறுத்துத் தனியாகத் தெரியும். தொடர்ந்து 65 டிகிரிக்கு மேல் சூடாக இயங்கும் பாகத்துக்கு 5356 வேண்டாம். மெக்னீசியம் மிகுந்த அந்த உலோகம் நாளடைவில் அழுத்த அரிப்பு விரிசலுக்கு ஆளாகும். 5052 தகட்டுக்கு 5356 நல்லது. 5083 தகட்டில் 4043ஐ எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். தகட்டின் மெக்னீசியமும் ராடின் சிலிக்கானும் சேர்ந்து வெல்டை நொறுங்கும் தன்மை கொண்டதாக்கிவிடும். அதற்கு 5183 அல்லது 5356.

இரண்டு ராடும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். ராடின் ஒரு முனையில் எண் பொறிக்கப்பட்டிருக்கும். எப்போதும் மறுமுனையிலிருந்து உருக்கத் தொடங்குங்கள், கடைசித் துண்டு வரை எண் கையிலேயே இருக்கும். எண் இல்லாத அரை ராடுகளைச் சேர்த்து வைக்கும் டப்பா எந்த மேசையிலாவது இருந்தால், அதிலிருந்து எடுக்க வேண்டாம். வளைத்துப் பார்த்தால் 5356 சற்று விறைப்பாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கைப்பழக்கத்தை நம்பி அழுத்தம் தாங்கும் தொட்டியை வெல்டு செய்யக் கூடாது.

நான்காம் படி: விளிம்பைத் தயார் செய்யுங்கள்

மேலே போட்ட கணக்கிலிருந்தே இந்தப் படி வருகிறது. 3 மி.மீ.க்கு மேற்பட்ட 6000 வரிசைத் தகட்டில் ‘வி’ சரிவு வெட்டி, தேவைப்பட்டால் சிறிது இடைவெளியும் விடுங்கள். ராட் போக இடம் கிடைக்கும். ஆனால் இடைவெளி ஓரிடத்தில் அரை மி.மீ., ஓரிடத்தில் 3 மி.மீ. என்று மாறக் கூடாது. அகன்ற இடத்தில் பீட் மெலிந்து சுருக்கத்தைத் தாங்காது.

எண்ணெயை அசிட்டோனால் துடைத்து, பிறகு அலுமினியத்துக்கென்றே தனியாக வைத்த ஸ்டெயின்லெஸ் பிரஷால் தேயுங்கள். வரிசையை மாற்றினால் எண்ணெயை உலோகத்துக்குள் தேய்ப்பதாகிவிடும். மேலே உள்ள ஆக்சைடு படலம் சுமார் 2,050 டிகிரி வரை உருகாது; அது குளத்துக்குள் மடிந்து சிக்கினால், விரிசல் தொடங்க அதுவே ஒரு பிளவாக அமையும். டிரைக்ளோர் போன்ற குளோரின் கலந்த கரைப்பான்களை வெல்டிங் பூத்தின் அருகே கொண்டுவரவே கூடாது. ஆர்க்கின் ஒளியும் சூடும் பட்டால் அவற்றின் ஆவி பாஸ்ஜீன் என்ற உயிர்க்கொல்லி வாயுவாக மாறும்.

ஐந்தாம் படி: பிடியும் டாக்கும்

தகடு கோணக் கூடாது என்று எல்லாப் பக்கமும் கிளாம்ப் போட்டு இறுக்குவது புதியவர்களின் இயல்பு. கோணலைத் தடுக்கும் ஒவ்வொரு கிளாம்ப்பும் சுருக்கத்தையும் தடுக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். ஒரு பக்கத்தை உறுதியாகப் பிடித்து, மறுபக்கம் சிறிது நகர விடுங்கள். கோணலை முன்கூட்டியே எதிர்ப்பக்கம் சாய்த்துவைத்துச் சமாளிப்பது, இறுக்கிப் பிடித்துச் சமாளிப்பதைவிட மேலானது. நீண்ட இணைப்பை நடுவிலிருந்து தொடங்கி வெளி விளிம்பை நோக்கி ஓட்டுங்கள். இரு முனையும் பூட்டிய சட்டத்தில் கடைசியாகப் போடும் இணைப்பே மிகுந்த இழுப்பைத் தாங்க வேண்டியிருக்கும். ஆகவே பருமனான, சுருக்கம் அதிகமுள்ள இணைப்புகளை முதலில் முடித்துவிடுங்கள்.

டாக் 20 மி.மீ. நீளமாவது இருக்கட்டும், ராட் சேர்த்தே போடுங்கள். விரிசல் விட்ட டாக்கின் மேல் பீட் ஓட்டினால் அது உருகிச் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். அதை முழுவதும் எடுத்துவிட்டு வேறு டாக் போடுங்கள்.

கனமான பிளேட்டைக் கேஸ் டார்ச்சால் முன்சூடு செய்வதுண்டு. 6061-டி6 (டி6 என்பது வெப்பப் பதனிட்டு வலுவூட்டிய நிலை) போன்றவற்றில் 120 டிகிரியைத் தாண்டக் கூடாது. அந்தச் சூட்டிலும் கால் மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. டி6 நிலையில் 310 மெகாபாஸ்கல் தாங்கும் 6061, வெல்டு ஆனபின் ஓரத்தில் ஏறத்தாழ 165 மெகாபாஸ்கல்தான் தாங்கும் என்று வடிவமைப்பாளர்கள் கணக்கிடுகிறார்கள். அளவுக்கு மீறிய சூடு அந்தப் பலவீனமான பகுதியை இன்னும் அகலமாக்கும். பளபளக்கும் அலுமினியத்தின் மேல் லேசர் வெப்பமானி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். தொட்டு அளக்கும் கருவியையோ, குறிப்பிட்ட சூட்டில் உருகும் சாக்பீஸ் போன்ற குச்சியையோ பயன்படுத்துங்கள்.

ஆறாம் படி: ஓட்டுவதும் முடிப்பதும்

அலுமினியம் சூட்டை மிக வேகமாக இழுத்துக்கொள்ளும். ஆம்பியர் போதாமல் ஒரே இடத்தில் நின்று குளம் உருவாகக் காத்திருந்தால், தகடு முழுவதும் சூடேறி, குளம் அகன்று, மணிகள் பருத்துப் போகும். 3 மி.மீ. தகட்டுக்கு 120 ஆம்பியர் அளவில் தொடங்கி, குளம் பளபளத்ததும் நகர்ந்துகொண்டே இருங்கள். பீட்டின் முகம் சற்று மேடாக இருக்கட்டும். எஃகில் ‘அழகு’ என்று பாராட்டப்படும் உட்குழிந்த ஃபில்லட் (மூலையில் போடும் பீட்), அலுமினியத்தில் நடுக்கோட்டு விரிசலுக்கு வழி வைக்கும். அதன் மெலிந்த நடுப்பகுதியில்தான் இழுப்பு முழுவதும் விழுகிறது.

முடிக்கும் இடத்தைத்தான் நீங்கள் அதிகம் பழக வேண்டும். ஆர்க்கைச் சட்டென்று எடுத்தால், குளம் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒரே நேரத்தில் உறையும். கடைசித் துளிக்கு ஊட்ட உலோகம் இருக்காது. குழியின் நடுவில் நட்சத்திரம் விழும். ஆகவே கடைசி 15 மி.மீ.இல் கால் பெடலை மெதுவாக விடுங்கள். குளம் சிறுத்துக்கொண்டே வரும்போதும் ராடை இரண்டு மூன்று முறை தொட்டு நிரப்புங்கள். குழி மேடான பிறகு, வந்த வழியே சிறிது பின்னால் போய், முடிந்த பீட்டின் மேல் ஆர்க்கை அணையுங்கள். பெடல் இல்லாத மெஷினில் ஆம்பியர் படிப்படியாக இறங்கும் நேரத்தை மூன்று முதல் ஐந்து வினாடிகளுக்கு வைத்துப் பழகுங்கள். ஆர்க் அணைந்த பிறகும் ஆர்கான் நிற்கும் வரை டார்ச்சை எடுக்க வேண்டாம். விளிம்பில் முடியும் இணைப்பாக இருந்தால், அதே உலோகத்தில் ஒரு சிறு துண்டை நீட்டி ஒட்டி, அதன் மேல் போய் முடித்துவிட்டு வெட்டி எடுங்கள். கழிவுத் துண்டில் ஒரு நாளைக்கு இருபது முறை தொடங்கி முடித்துப் பாருங்கள். நடுவில் ஓட்டுவதை அல்ல, முடிப்பதை மட்டும்.

ஏழாம் படி: சோதனையும் திருத்தமும்

கண்ணுக்குத் தெரியாத விரிசலைச் சிவப்பு மை சோதனை காட்டும். பட்டறையில் அதை டி.பி. டெஸ்ட் என்பார்கள். சுத்தம் செய்த பீட்டின் மேல் சிவப்பு மையை அடித்து, டப்பாவில் சொன்ன நேரம் ஊற விடுங்கள். பிறகு மேலிருப்பதைத் துணியால் துடைத்துவிட்டு, வெள்ளை டெவலப்பரை மெல்லியதாக அடியுங்கள். கிளீனரை நேரடியாக பீட்டின் மேல் அடிக்கக் கூடாது. துணியில் அடித்துத் துடையுங்கள், இல்லையென்றால் விரிசலுக்குள் போன மையும் கழுவப்பட்டுவிடும். சில நிமிடங்களில், சுண்ணாம்பு போல் காய்ந்த வெள்ளையின் நடுவே ஒரு சிவப்பு இழை மெல்ல ஊறி எழும். முதல்முறை அதைப் பார்க்கும்போது மனம் கனக்கும். ஆனாலும் வாடிக்கையாளரிடம் போய்ப் பிளப்பதைவிட இங்கே தெரிவது எவ்வளவோ மேல். குளிர் விரிசல் என்ற கவலை இல்லாததால் இரண்டு நாள் காத்திருக்கத் தேவையில்லை. ஜாப் ஆறியதும் சோதிக்கலாம்.

விரிசல் இருந்தால், சாதாரணக் கிரைண்டிங் டிஸ்க்கால் தேய்க்காதீர்கள். அலுமினியம் மென்மையானது, டிஸ்க் அதை இழுத்து விரிசலின் வாயை மூடிவிடும், உள்ளே அது அப்படியே இருக்கும். கார்பைடு பர்ரால் (சுழன்று சீவும் வெட்டுமுனை) பள்ளமாகச் சீவி எடுத்து, மறுபடி மை அடித்து, சிவப்பு எங்கும் எழவில்லை என்று உறுதியானபின் நிறுத்துங்கள். அடுத்து, எந்தக் காரணத்தால் பிளந்தது என்று முதல் படிக்குத் திரும்பிப் போய்க் கேட்டு, ராடையோ பிடியையோ இணைப்பின் வடிவத்தையோ மாற்றுங்கள். எதையும் மாற்றாமல் மறுபடி ஓட்டக் கூடாது. ஒரே இடத்தை இரண்டு முறைக்கு மேல் திருத்துவதை நான் அனுமதிப்பதில்லை. ஒவ்வொரு முறையும் பக்கத்துத் தகடு இன்னும் மென்மையாகிறது. மூன்றாவது முறை தேவைப்பட்டால், அந்தப் பகுதியையே வெட்டி எடுத்துப் புதுத் துண்டு வைப்பது நல்லது.

மறு வெல்டிங்குக்கு முன், பள்ளத்தில் மிச்சமிருக்கும் மையையும் டெவலப்பரையும் அசிட்டோனால் முழுவதும் கழுவி, நன்கு காய விடுங்கள். அந்த மையில் எண்ணெய் உண்டு. அது ஆர்க்கில் எரிந்தால் விரிசல் இருந்த இடத்தில் இப்போது நுண்துளைகள் நிறையும். டப்பாக்கள் தீப்பற்றக் கூடியவை. ஆர்க்கைப் பற்றவைக்கும் முன் அவற்றை பூத்துக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.